பூமாலை வாசல் வழியாகத்தான் வருவாள்

கச்சிராயபாளையம்
10.10.87

அன்பு மகன் இளஞ்செழியனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும், கன்று போட்டுப் பத்து நாளான செவலைப் பசுவும் நன்றாக இருக்கிறோம். அங்கே நீயும் சந்தியாவும் என் செல்லம் அபிநயாவும் காய்ச்சல் தலைவலி என்று ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று மாரியம்மனுக்கு விளக்குப் போட்டுவிட்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அப்பா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு வழக்கம்போலச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார், போகப் போகச் சத்தம் இறங்கிவிட்டது, அப்புறம் மாட்டுக்குத் தண்ணி காட்டணும் என்று சொல்லி என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார். மீதியை நான் நின்றுகொண்டே படித்தேன். அந்தப் பூமாலையை வீட்டுக்குள் சேர்ப்பதை நிறுத்தினால்தான் தீபாவளிக்கு வருவேன், இல்லாவிட்டால் எடுத்து வைத்திருக்கிற ரயில் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்று எழுதியிருக்கிறாய். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசி வரைக்கும் நீ தேட வேண்டாம். நிறுத்த மாட்டேன். செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் நம் வீட்டுக் கூடத்தில் யோகா கிளாஸ் நடக்கிறது, பூமாலை சொல்லிக் கொடுக்கிறாள், இனியும் சொல்லிக் கொடுப்பாள். பேத்தியைப் பார்த்து ஒரு வருஷம் ஆகிறது, அப்போது தவழ்ந்துகொண்டிருந்தவள் இப்போது வீடெல்லாம் ஓடுகிறாளாம், அவளுக்கு முத்து வைத்த கொலுசு வாங்கி பீரோவில் வைத்திருக்கிறேன், தினம் ஒரு தடவை எடுத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டு வைக்கிறேன். அப்படியிருந்தும் நிறுத்த மாட்டேன். படித்ததும் உனக்குக் கோபம் வரும், வரட்டும், எனக்கும் வந்தது, உனக்கும் எனக்கும் மூக்குக்கு மேல கோபம் என்று அப்பா சும்மாவா சொல்கிறார்.

உனக்கு யார் எழுதினது என்று நான் கேட்கவே வேண்டாம், உன் சுப்புராயன் சித்தப்பாதான், அப்பாவின் பங்காளி வீட்டுத் தம்பி. நான் கல்யாணமாகி வந்தபோது டவுசரைப் பிடித்துக்கொண்டு என் பின்னாலேயே அண்ணி அண்ணி என்று சுற்றின பையன் அவன், அதனால் அவன் இவன் என்றுதான் எழுதுவேன், சித்தப்பாவை மரியாதை இல்லாமல் எழுதுகிறேன் என்று நினைக்காதே. நம் சாதிச் சங்கத்தில் இந்த ஊருக்கு அவன்தான் முன்னே நிற்கிறான், நாலு பேர் அவன் பேச்சைக் கேட்கிறார்கள், எனக்கும் பெருமைதான். ஆனால் அவன் உனக்கு எழுதினது பாதிக் கதை. மீதியை எழுதாமல் விட்டுவிட்டான், அதை நான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படி.

என் இடுப்பு சமாசாரம் உனக்குத் தெரியும். பாலவாடியில் பிள்ளைகளைத் தூக்கி இறக்கி, வீட்டில் தண்ணிக் குடம் தூக்கி, மூன்று வருஷமாக டவுன் பஸ்ஸில் கண்டக்டர் கை கொடுத்தால்தான் படி ஏறுவேன். வைகாசியில் கள்ளக்குறிச்சியில் ஒரு தொண்டு நிறுவனத்துக்காரர்கள் கல்யாண மண்டபம் எடுத்து யோகா பயிற்சி முகாம் வைத்தார்கள், பாலவாடி டீச்சர்களும் நர்சுகளும் வரலாம் என்று சொன்னார்கள். நிஜத்தைச் சொன்னால் நாலு நாள் வேலைக்கு மட்டம் போடலாம் என்றுதான் போனேன். யோகா என்றால் தலைகீழாக நிற்பது, வயிற்றை முதுகோடு ஒட்டுவது, நம்மை மாதிரி பொம்பளைகளுக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைத்திருந்தேன். மெட்ராஸிலிருந்து வந்த டீச்சரம்மா, நரைத்த தலையைக் கிராப்பு வெட்டிக்கொண்டு ஒல்லியாக இருப்பார்கள், வந்ததும் யாருக்கு எங்கே வலிக்கிறது என்றுதான் கேட்டார்கள். மண்டபத்தில் கை தூக்காதவள் ஒருத்தி கிடையாது. தரையில் உட்கார முடியாதவளுக்கு ஸ்டூல் போட்டார்கள், கை மேலே போகாதவளைச் சுவர் ஓரம் நிற்க வைத்து விரலாலேயே சுவரில் மெல்ல ஏறச் சொன்னார்கள், மசக்கையாக இருந்த ஒரு நர்சுக்கு நாலு தலையணை வைத்துச் சாய்த்துப் படுக்க வைத்தார்கள். ஆள் மாறினால் செய்கிற விதமும் மாற வேண்டும், ஊர் மாறினாலும் மாற வேண்டும், அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தால்தான் நீங்கள் டீச்சர், இல்லாவிட்டால் ட்ரில் மாஸ்டர் என்றார்கள். அதோடு விடவில்லை. ஊருக்குப் போய் சொல்லிக் கொடுங்கள், கூடவே இன்னொருத்தியையும் சொல்லிக் கொடுக்கிற ஆளாகத் தயார் பண்ணி, புரட்டாசியில் வைக்கிற இரண்டாவது முகாமுக்குக் கூட்டி வாருங்கள், அவள் என் கண் முன்னால் வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும் என்றார்கள். நான் ஊருக்கு வந்து தினம் காலையில் அவர்கள் சொன்னபடி செய்தேன். ஆடி மாதம் ஒரு நாள் பஸ்ஸில் நானே ஏறினேன், கண்டக்டர் நீட்டின கையை அப்படியே வைத்துக்கொண்டு, இன்னாங்க டீச்சர், புது இடுப்பு மாத்திக்கினீங்களா என்று கேட்டான்.

பாலவாடிப் பிள்ளைகள் போனபிறகு அந்தக் கட்டடத்திலேயே பெண்களுக்குக் கிளாஸ் ஆரம்பித்தேன். கரும்புக்குக் களை வெட்டுகிறவர்கள், கட்டு தூக்குகிறவர்கள், பிள்ளை பெற்ற பிறகு நிமிர முடியாதவர்கள், நம் தெருப் பெண்கள்தான் முதலில் வந்தார்கள். பூமாலை காலனிப் பெண், அவள் மகன் என் பாலவாடியில் இருக்கிறான். அவனைக் கூட்டிக்கொண்டு போக வருகிறவள் வேப்பமரத்தடியிலேயே நின்று, உள்ளே நாங்கள் செய்வதைப் பார்த்துத் தானும் செய்வாள், செய்துகொண்டே உள்ளே இருக்கிறவர்களைக் கிண்டலும் பண்ணுவாள். இன்னாங்க, மூச்சு வுடச் சொன்னா தோளைத் தூக்கிக்கினு நிக்கறீங்க, யாராவது அடிக்க வராங்களா என்று ஒரு நாள் கேட்டாள் பார், எல்லாரும் சிரித்த சிரிப்பில் எல்லார் தோளும் தானாக இறங்கிவிட்டது. அங்கே நின்னுக்கினு எதுக்கு வாயடிக்கிற, உள்ள வாடி என்று நான்தான் கூப்பிட்டேன். பத்தாவது வரைக்கும் படித்துக் கணக்கில் போனவள். பணிவு அடக்கம் எல்லாம் அவளிடம் தேடாதே, கிடையாது. பொறுமையும் கம்மி, ஒரு தடவை சொல்லிப் புரியாவிட்டால் கண்ணை உருட்டுவாள், அதற்கு என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வாள். ஆனால் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்கிற வெறி அவளுக்கு இருந்தது, வேறு யாருக்கும் இல்லை. இரண்டாவது முகாமுக்கு இவள்தான் என்று அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன்.

அடுத்தது கால் கட்டின கதை. அதை உன் சித்தப்பா உனக்கு எழுதியிருப்பான், ஆனால் முழுசாக எழுதியிருக்க மாட்டான். அவன் பெண்டாட்டி காசியம்மாளுக்கு மூன்றாவது பிரசவத்துக்குப் பிறகு இடுப்பு விட்டுப் போச்சு, உட்கார்ந்தால் எழ முடியாது. மல்லாக்கப் படுத்தால் இரண்டு காலும் பக்கத்துக்கு ஒன்றாகச் சரிந்து இடுப்பை இழுக்கும், அந்த மாதிரி ஆட்களுக்கு இரண்டு கால் கட்டை விரலையும் சேர்த்து லேசாகக் கட்டிவிட்டால் இழுக்காது, கண்ணில் ஒரு துணியைப் போட்டால் மனசு அடங்கும் என்று டீச்சரம்மா சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நான் உன் அப்பாவின் பழைய வேட்டியிலிருந்து ஒரு கிழிசலைக் கிழித்துக் கட்டினேன். வெள்ளைத் துணி, கண்ணில் துணி, சுற்றி நாலு பொம்பளைகள் உட்கார்ந்திருக்கிறோம், வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது எப்படித் தெரியும் என்று எங்களில் ஒருத்திக்கும் உறைக்கவே இல்லை. அந்த நேரம் பார்த்துக் காசியம்மாளின் மாமியார் சாலம்மாள் பேரனைத் தேடிக்கொண்டு வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். ஐயோ என் மருமவளே, காத்தால கூழு ஊத்துனியேடி என்று மார்பில் அடித்துக்கொண்டு தெருவில் விழுந்தாள். சத்தம் கேட்டுக் காசியம்மாள் எழுந்து உட்கார்ந்து கண்ணிலிருந்த துணியை எடுத்தாள், அதைப் பார்த்துச் சாலம்மாள் இன்னும் பெரிசாகக் கத்தினாள். நாங்கள் ஓடிப்போய்ச் சமாதானம் பண்ணுவதற்குள் எவனோ ஒரு புண்ணியவான் பஸ் ஏறித் திருநாவலூரில் காசியம்மாளின் அம்மா வீட்டுக்குச் சேதி சொல்லிவிட்டான். மறுநாள் காலையில் அவள் அண்ணன்மார் வேன் பிடித்துக்கொண்டு, கோடிப் புடவையும் ஆளுயர மாலையுமாக, பொம்பளைகள் தலைவிரி கோலமாக ஒப்பாரி வைத்துக்கொண்டு வந்து இறங்கினார்கள். காசியம்மாள் வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருக்கிறாள். வந்தது வந்துட்டீங்க, மாலைய அந்தாண்ட போட்டுட்டுக் கை காலு கழுவுங்க, கொழம்பு கொதிக்குது என்றாளாம். இதை எழுதும்போதும் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது, ஆனால் அன்றைக்கு ஊர் சிரித்ததில் சுப்புராயனுக்கு முகம் சுண்டிப்போச்சு. உசுரோட இருக்கறவளுக்குக் காலு கட்டினீங்களே அண்ணி, உங்களுக்கு அடுக்குமா என்று வந்து கத்தினான். அந்த வெள்ளைத் துணி என் புத்திகெட்டதனம்தான், அதை அவனிடம் சொல்லிவிட்டேன். ஆனால் காசியம்மாள் சொன்னதுதான் சொல். செத்துப் பொழச்சவளுக்கு இனிமே இன்னா பயம், இடுப்பு வலி கம்மியாயிருக்குது, நான் போவேன் என்று மறுவாரமே வந்து படுத்தாள். பூமாலைதான் யோசித்து, விரலில் கட்ட வேண்டாம், முட்டிக்கு மேலே பூப்போட்ட துண்டால் கட்டலாம், கண்ணில் துணியே வேண்டாம் என்று மாற்றினாள். அப்படிச் செய்தாலும் இடுப்பு இழுக்கவில்லை.

புரட்டாசி பிறந்த கையோடு, இட ஒதுக்கீடு கேட்டுச் சங்கத்தின் சாலை மறியல் போராட்டம் வந்துவிட்டது, பேப்பரில் படித்திருப்பாய். நான் அதற்கு விரோதி என்று உன் சித்தப்பா எழுதியிருந்தால் அது அண்டப் புளுகு. நம் பிள்ளைகள் மார்க்கு வாங்கிவிட்டு இன்னும் வரப்பில்தான் நிற்கிறார்கள், காலேஜிலும் வேலையிலும் எங்களுக்குச் சேர வேண்டியதைக் கொடு என்று கேட்பது நியாயமான கேள்வி, அப்பாவும் இரண்டு நாள் ரோட்டில் போய் உட்கார்ந்துவிட்டுத்தான் வந்தார், புளிச்சோறு கட்டிக் கொடுத்தனுப்பினது நான்தான். ஆனால் அதே வாரத்தில்தான் இரண்டாவது முகாம். டீச்சரம்மா முதல் நாளே கள்ளக்குறிச்சிக்கு வந்து மாட்டிக்கொண்டார்கள், வர முடிந்தவர்களை வைத்து நடத்துவேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பஸ் கிடையாது, சைக்கிள்கூட போகாது, வழியெல்லாம் புளியமரத்தை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். நானும் பூமாலையும் விடிவதற்கு முன்னாலேயே கிளம்பி நடந்தோம். பஸ் படி ஏற முடியாதவள் கள்ளக்குறிச்சிக்கு நடந்தே போனேன் பார்த்துக்கொள். ஒவ்வொரு மரத்தையும் ஏறி இறங்கி, அவள் மேலே நின்று என்னைத் தூக்கிவிட, போய்க்கொண்டே இருந்தோம், ஓர் இடத்தில் பையன்கள் மறித்துக்கொண்டு மேல போவக்கூடாதுங்க என்றார்கள். பஸ்ஸ மறிங்கடா, என் கால எவன்டா மறிக்கறவன் என்று கேட்டேன், விட்டுவிட்டார்கள்.

அதைத் தாண்டிப் பாலத்துக்குப் பக்கத்தில் உன் சித்தப்பா மல்லாந்து கிடந்தான். மரத்தை நகர்த்தும்போது முதுகு பிடித்துக்கொண்டது, அசைந்தால் உயிர் போகிறது, வாய் கோணிக்கொண்டு கிடக்கிறான். கூட இருந்த பையன்கள் போலீஸ் வண்டி வருது வருது என்று கரும்புக்குள் ஓடிவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக வண்டி வர வழியில்லை, வழியை மறித்தது அவனேதான். எனக்குக் குனிந்து ஓர் ஆம்பளையின் காலைத் தூக்குகிற தெம்பு இன்னும் வரவில்லை, நான் பூமாலையைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்தாள். தொடட்டுங்களா என்று கேட்டாள். அவன் எதையாவது பண்ணு பூமாலை என்றான். அவன் வாயில் அவள் பேர் வந்ததை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். அவள் அவன் இரண்டு காலையும் மெல்லத் தூக்கி, முட்டியை மடக்கி, வெட்டிச் சாய்த்திருந்த அந்த மரத்தின் மேலேயே கெண்டைக்காலை வைத்தாள், முகாமில் நாங்கள் நாற்காலியில் வைப்போமே அந்த மாதிரி. கால் சரிந்தபோதெல்லாம் அவன் அலறினான், அவன் தோளில் கிடந்த மஞ்சள் துண்டையே எடுத்து முட்டிக்கு மேலே கட்டினாள். மூச்ச உள்ள இழுக்காதீங்க, வெளியே மட்டும் வுடுங்க, நீட்டி வுடுங்க, அவ்ளோதான் என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே இருந்தாள், அன்றைக்குக் கண்ணை உருட்டவே இல்லை. கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்தது, ஒருக்களிக்க வைத்து, கையை ஊன்ற வைத்து எழுப்பினாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டுதான் அவன் கரும்புக்குள் நடந்து போனான். அவள் திரும்பி வந்ததும், மரங்களை இழுத்து ஒதுக்கிக்கொண்டே போலீஸ் வண்டி வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் இறங்கி, ரோடு பூரா மரமாக் கெடக்குது, நீங்க எங்கம்மா போறீங்க என்று கேட்டார், யோகா கிளாசுக்குப் போறோங்க என்றேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். உன் சித்தப்பா உனக்கு நாலு பக்கம் எழுதினானே, இதில் ஒரு வரியாவது எழுதினானா?

முகாமுக்கு வந்து சேர்ந்தவர்கள் கைவிரலில் அடங்குவார்கள். பூமாலைக்கு மூட்டு வலிக்கார நர்சு ஒருத்தியைக் கொடுத்து வகுப்பு எடுக்கச் சொன்னார்கள், நடுவில் ஒரு தடவை கோபப்பட்டாள், அப்புறம் தானே மன்னிப்புக் கேட்டுச் சரி பண்ணிக்கொண்டாள். கால் கட்டின கதையைக் கேட்டு டீச்சரம்மா முதலில் விழுந்து விழுந்து சிரித்தார்கள், பிறகு சிரிப்பை நிறுத்தி, இத்தனை ஊரில் சொல்லிக் கொடுத்தேன், இது எனக்குத் தோன்றவில்லையே என்று சொல்லி, இனி எல்லாருமே முட்டிக்கு மேலேதான் கட்ட வேண்டும் என்று மாற்றிவிட்டார்கள். தை மாதம் மெட்ராஸில் ஒரு மாதப் பயிற்சி, முடித்தால் டீச்சர் என்று சான்று கொடுப்பார்கள், நம் பக்கத்திலிருந்து ஓர் ஆளைத்தான் எடுப்பார்கள். என்னிடம் பேர் கேட்டார்கள். பூமாலை என்று சொல்லிவிட்டு வந்தேன். நம்ம பொண்ணுங்க யாரையாவது அனுப்பக் கூடாதா என்று நீ எழுதியிருக்கிறாய். அவளும் நம்ம பொண்ணுதான், போ.

போராட்டம் ஓய்ந்து பஸ் ஓட ஆரம்பித்ததும் ஊர்க்கூட்டம் போட்டார்கள். சுப்புராயன் எழுந்து, இடுப்பில் பெல்ட்டோடுதான் எழுந்தான், அண்ணி சொல்லிக் கொடுக்கறதுல ஒண்ணும் ஆட்சேபணை இல்லீங்க, அந்தக் காலனிப் பொண்ணு நம்ம பொம்பளைங்க மேல கைய வைக்கக் கூடாது, அவ வரதா இருந்தா பாலவாடியில கெளாசே வாணாம் என்றான். எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. உன் முதுகை எந்தக் கை தூக்குச்சு என்று கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது, ஆனால் கேட்க முடியவில்லை. மரம் வெட்டின வழக்கு நடந்துகொண்டிருக்கிறது, அவன் அங்கே இருந்தான் என்று நான் கூட்டத்தில் சொன்னால் நாளைக்கு அவனைப் பிடித்துக்கொண்டு போவார்கள், காசியம்மாளும் மூன்று பிள்ளைகளும் என்ன ஆவார்கள். அது அவனுக்கும் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் பேசினான், ஆனால் என் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை, தரையைப் பார்த்துத்தான் பேசினான். பூமாலையும் கூட்டத்துக்கு வெளியே நின்றுகொண்டு எல்லாம் கேட்டாள், அவளுக்கு இல்லாத வாயா, ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கவர்மெண்டு கட்டடம், வாணாம்னா பூட்டிக்குங்க, இந்தாங்க சாவி, என் வூடு என்னுது, வெள்ளிக்கிழமையிலேருந்து அங்க நடக்கும், பூமாலைதான் நடத்துவா, வரவங்க வரலாம் என்று சொல்லிச் சாவியை நடுவில் போட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வருகிற வழியில்தான், வீடு என்னுடையது மட்டும் இல்லையே, உன் அப்பாவைக் கேட்கவில்லையே என்று பயம் வந்தது. வீட்டுக்கு வந்தால் அவர் ஏணி போட்டுப் பரணிலிருந்து பெரிய ஜமக்காளத்தை இறக்கிக்கொண்டிருக்கிறார். தூசி இருக்குது, காத்தால தட்டிப் போடு என்றார். அவ்வளவுதான் பேசினார். முப்பத்தைந்து வருஷத்தில் அந்த மனுஷன்மேல் எனக்கு இவ்வளவு ஆசை வந்ததில்லை, இதை நீ சந்தியாவுக்குப் படித்துக் காட்டாதே.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூமாலை பின்பக்கமாக, மாட்டுக் கொட்டகை வழியாக வந்து நின்றாள். எதுக்குடி திருடி மாதிரி வர, வாசலாண்ட போய் வாசல் வழியா வா என்று திருப்பி அனுப்பினேன். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் சுற்றிக்கொண்டு போய், தலையை நிமிர்த்திக்கொண்டு வாசல் வழியாக வந்தாள், செருப்பை வாசலில் விட்டாள், கூடத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் நாங்கள் இரண்டு பேர்தான். அப்புறம் காசியம்மாள் வந்தாள், கையில் பாயோடு. அவளை இழுத்துக்கொண்டு போக அவள் பின்னாலேயே சாலம்மாள் வந்தாள், வந்தவள் சுவர் ஓரம் உட்கார்ந்து கடைசி வரைக்கும் முறைத்துக்கொண்டே இருந்தாள், போகும்போது கால மட்டும் கட்டாதீங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். இப்போது அவளும் தவறாமல் வருகிறாள், மருமகளைக் காவல் காக்கிறாளாம், உட்கார்ந்த இடத்திலேயே கழுத்தை மட்டும் எங்களோடு சேர்ந்து திருப்புகிறாள், நாங்கள் பார்த்தால் நிறுத்திவிடுகிறாள். நம் தெருவில் பாதிப் பேர் வருவதில்லை. என்னோடு பேச்சையே நிறுத்தின வீடுகள் இருக்கின்றன, பால் வாங்க வருகிறவர்கள் கம்மியாகிவிட்டார்கள். அதை மறைக்க மாட்டேன். நடு ராத்திரியில் உனக்கு இதெல்லாம் தேவையா கமலா என்று என் மனசே என்னைக் கேட்பதும் உண்டு. ஆனால் காலையில் எழுந்து இடுப்பை நிமிர்த்தும்போது தேவைதான் என்று தோன்றிவிடுகிறது.

கல்வராயன் மலையிலிருந்து சாமை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு சந்தைக்கு வருவாளே வெள்ளச்சி, உனக்குச் சின்ன வயசில் தேனடை கொடுத்தவள், அவளும் போன சந்தை நாளில் வந்து மூட்டையை வாசலில் வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் படுத்துவிட்டாள். கழுத்தைத் திருப்ப முடியவில்லை அவளுக்கு. எங்க ஊருல எல்லாப் பொம்பளைக்கும் இந்தக் கழுத்துதான், இந்தப் பொண்ண மேல அனுப்பி வையுங்க என்று பூமாலையின் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள். மெட்ராஸ் போய் வந்ததும் பஸ்ஸில் மலைக்குப் போவதாகப் பூமாலை வாக்குக் கொடுத்திருக்கிறாள். சுமை தூக்குகிற கழுத்துக்குத் தனியாக என்ன பண்ணலாம் என்று இப்போதே மண்டையைக் குழப்பிக்கொண்டிருக்கிறாள். நானும் கூடப் போகலாம் என்று இருக்கிறேன்.

இனி உன் விஷயம். நீ எழுதாததைச் சந்தியா கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் நாலு வரி எழுதியிருக்கிறாள், அதற்காக அவளைத் திட்டினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். ஆபீசில் நாள் பூரா மேஜைமேல் கவிழ்ந்து பிளான் படம் வரைந்து உனக்கு முதுகு போய்விட்டதாம், குனிய முடியவில்லையாம், காலையில் ஷூவுக்குக் கயிறு அவள்தான் கட்டிவிடுகிறாளாம். அம்மாவிடம் இதை எழுதக் கூச்சம், அம்மா யாரை வீட்டுக்குள் விட வேண்டும் என்று எழுத மட்டும் கூச்சமில்லை. சொல்கிறேன் கேள். ராத்திரி சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, தரையில் பாய் போட்டு மல்லாக்கப் படுத்து, கெண்டைக்கால் இரண்டையும் நாற்காலி மேலே வை, கால் சரிந்தால் சந்தியாவை முட்டிக்கு மேலே துண்டால் கட்டச் சொல், விரலில் கட்ட வேண்டாம், அக்கம்பக்கத்தில் தமிழ் ஆட்கள் இருந்தால் வேன் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். மூச்சை நீட்டி வெளியே விடு. எழுந்திருக்கும்போது ஒருக்களித்து எழுந்திரு. கூச்சப்படாமல் வேலையில் நடுநடுவே எழுந்து நில். அபிநயாவுக்கு ஃபிரிஜ் தண்ணி கொடுக்காதீர்கள், மழை நாளில் மிளகு ரசம் வைத்துக் கொடுக்கச் சொல். நம் கரும்பை வெட்டச் சொல்லி ஆலையிலிருந்து இன்னும் கட்டிங் ஆர்டர் வரவில்லை, கோமுகி அணையில் தண்ணி பரவாயில்லை, அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது.

தீபாவளிக்கு முந்தின நாள் செவ்வாய்க்கிழமை. பண்டிகைக்காகக் கிளாஸை நிறுத்தப் போவதில்லை, முறுக்கு சுட்டு முடித்துவிட்டுக் கூடத்தைக் கூட்டி ஜமக்காளம் விரிப்பேன். நீ வந்தால் அன்றைக்குச் சாயங்காலம் கூடத்தில் உனக்கு நடக்க வழியிருக்காது, ஒரு பாயை எடுத்துக்கொண்டு நீயும் ஓர் ஓரத்தில் படு. அது உன் கௌரவத்துக்கு ஒத்துவராது என்றால் சுப்புராயன் சித்தப்பா வீட்டில் போய் உட்கார், காப்பி போட்டுத் தரக் காசியம்மாள் இருக்க மாட்டாள், அவள் இங்கே படுத்திருப்பாள். வராவிட்டாலும் உன்மேல் எனக்குக் கோபம் கிடையாது, அழுகைதான் வரும், அழுதுகொண்டே கிளாஸ் நடத்துவேன். கொலுசை மட்டும் தபாலில் அனுப்ப மாட்டேன், அதை நானே என் கையால்தான் அவள் காலில் போடுவேன், எப்போது வந்தாலும் சரி. நான் இந்தக் கடிதத்தில் எழுதினதைச் சித்தப்பாவுக்கு எழுதும்போது காட்டிக்கொள்ளாதே, அவன் உன் அப்பாவுக்குத் தம்பி முறை, எனக்குப் பிள்ளை மாதிரி, அவனும் ஒரு நாள் வாசல் வழியாக வருவான் என்றுதான் இருக்கிறேன்.

நீயும் சந்தியாவும் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும், என் பேத்தி யாருக்கும் தலை குனியாமல் வளர வேண்டும். மாரியம்மன் துணை இருப்பாள். அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், டிக்கெட்டைத் திருப்ப வேண்டாம் என்றும் சொல்லச் சொன்னார், இரண்டாவதை அவராகச் சொன்னார், நான் கேட்டு அவர் சொல்லவில்லை.

இப்படிக்கு
உன் அம்மா
த. கமலா

எழுதி முடித்து ஒட்டுவதற்குள் பூமாலை பாய்களை அடுக்க வந்தாள். நீ எழுதினதை எல்லாம் அவளிடம் சொல்லிவிட்டேன், மறைத்தால் எனக்குச் சோறு இறங்காது. கையிலிருந்த பாயைச் சுருட்டி மூலையில் வைத்தாள். அப்புறம், உங்க மவனுக்கு வலி வலது பக்கமா எடது பக்கமா, குனியறப்ப ஜாஸ்தியா, நிமிர்றப்ப ஜாஸ்தியா, காலுல இறங்குதா, இன்னான்னு எழுதச் சொல்லுங்க, நாற்காலில காலு வைக்கறது எல்லாருக்கும் ஒத்துக்காது என்றாள். மற்றதற்கு நீ பதில் எழுதாவிட்டாலும் போகிறது, அவள் கேட்டதற்குப் பதில் எழுது.